அம்மிக்கல்லை எடுத்துப் போவதா, விட்டுப் போவதா? செந்தூலிலிருந்து பூச்சோங் மாடிக்கு

செந்தூல் மகள் | வெள்ளி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் ஒரே வாடகை வீட்டில் 31 வருடம் இருந்துவிட்டோம். வீட்டுக்காரர் இப்போது விற்கப் போகிறார். மூன்று வாரத்தில் பூச்சோங்கில் 12-வது மாடிக்குப் போக வேண்டும். 850 சதுர அடி. முன்னால் கார் நிறுத்தும் இடம், பின்னால் துணி துவைக்கும் இடம், பக்கத்தில் அப்பா போட்ட தகரக் கொட்டகை, இது எதுவும் அங்கே கிடையாது.

அம்மாவுக்கு 74 வயது. எதை விடலாம் என்று கேட்டால் எதையும் விட முடியாது என்கிறார். பாட்டி தோட்டத்து லயத்திலிருந்து கொண்டு வந்த அம்மிக்கல். ஒரு ஆட்டுக்கல். நீல நிறத் தண்ணீர்த் தோங் (பீப்பாய்) இரண்டு. இரும்பு அலமாரி. முறுக்கு போட்டு வைக்கும் சதுர பிஸ்கட் டின் பதினொன்று (எண்ணிப் பார்த்தேன்). வருடத்துக்கு ஒரு முறை இறங்கும் பெரிய குவாலி (வாணலி). அப்பா கட்டுக் கட்டாக வைத்திருந்த தமிழ் நேசன் பத்திரிகை. அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர், போய் ஆறு வருடம் ஆகிறது.

தம்பி, எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்கிறான். நேற்று அவனுக்கும் அம்மாவுக்கும் வாக்குவாதம். அம்மா சாப்பிடாமலே படுத்துவிட்டார். வீடு மாறி அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். அம்மியில் யாரும் அரைத்தே பத்து வருடம் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பெட்டி போதும் | வெள்ளி, இரவு 10.05

நான் மூன்று வருடத்தில் நான்கு வீடு மாறியவன். என் கணக்கு சுலபம்: ஒரு வருடமாகத் தொடாத பொருள் வேண்டாத பொருள். உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. 850 சதுர அடியில் ஆட்டுக்கல்லுக்கு ஒரு மூலை கொடுத்தால், அந்த மூலைக்கும் சேர்த்துத்தானே மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள்? அம்மியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஜெலுத்தோங் மணி | வெள்ளி, இரவு 10.31

தம்பி, ஒரு வருடக் கணக்கு உங்கள் வயதுக்குப் பொருந்தும். வீட்டில் கல்யாணம் பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். அதற்காகக் குத்துவிளக்கை எறிந்துவிட முடியுமா?

செந்தூல் மகளுக்குப் பினாங்கு கதை ஒன்று சொல்கிறேன். நாங்கள் ஜார்ஜ்டவுன் லெபோ பசார் பக்கம் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் இருந்தோம். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்த வீடு, அதனால் வாடகை பேருக்குத்தான். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள், 2000 ஜனவரி 1 முதல் வீட்டுக்காரர் கேட்டதுதான் வாடகை. அந்த நாளுக்கு முன்னும் பின்னும் எங்கள் தெருவே மூட்டை கட்டியது. குவீன் தெரு மாரியம்மன் கோயில் மணி காதில் விழும் தூரத்தில் இருந்தவர்கள் ரெலாவ், ஆயர் ஈத்தாம், பட்டர்வொர்த் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம்.

அப்பா எதையும் விடவில்லை. அவருடைய அப்பா காலத்துத் தேக்குக் கட்டில், நான்கு தூணும் மேலே சட்டமும் உள்ளது, அதுவும் வந்தது. ரெலாவ் பிளாட்டில் லிஃப்டுக்குள் போகவில்லை. படிக்கட்டில் திருப்ப முடியவில்லை. கீழே நடைபாதையில் நான்கு மாதம் கிடந்தது. பிள்ளைகள் ஏறி விளையாடினார்கள், பூனை குட்டி போட்டது, கடைசியில் ஒரு பழைய சாமான் வியாபாரி வந்து சொன்ன விலைக்கு அப்பா தலையாட்டினார். தள்ளிவிட்டால் போதும் என்று இருப்பவனிடம் விலை பேசுவது அந்த வியாபாரிக்கு எவ்வளவு சுலபம்! 2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பட்டியலில் வந்த பிறகு பழைய கடைவீடுகள் ஹோட்டல்கள் ஆயின. அதில் ஒன்றில் அதே மாதிரிக் கட்டில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, காபி குடிக்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். எங்களுடையது இல்லை. தூணில் என் பல் தடம் இருந்திருக்க வேண்டும்.

அதனால் இரண்டே விஷயம். முதலில் லிஃப்டை அளந்து பாருங்கள், பிறகு அலமாரியைப் பற்றி அம்மாவிடம் பேசலாம். விற்பது எதுவானாலும் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

லோரி தம்பி | சனி, காலை 6.50

அக்கா, நான் 14 வருடமாக வீடு மாற்றும் லோரி ஓட்டுகிறேன். மணி அண்ணன் சொன்ன கட்டில் மாதிரி வாரத்துக்கு ஒன்று பார்க்கிறேன். இப்போது அதிகம் மாட்டுவது சோபா.

முதலில் பூச்சோங் நிர்வாக அலுவலகத்துக்கு போன் பண்ணுங்கள். மாடி வீடுகளில் சாமான் ஏற்ற விண்ணப்ப ஃபாரம் நிரப்ப வேண்டும், டெபாசிட் கேட்பார்கள், நேரமும் அவர்கள் வைத்ததுதான். நிறைய இடங்களில் ஞாயிறு அனுமதி இல்லை. போம்பா (தீயணைப்பு) லிஃப்டைத்தான் திறந்து விடுவார்கள், அதன் கதவு அகலத்தையும் உள் உயரத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். இதைக் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து வந்து, காவலரோடு சண்டை போட்டு, சாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டு லோரியிலேயே உட்கார்ந்திருந்த குடும்பத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஐஸ்பெட்டியை நிமிர்த்தித்தான் ஏற்ற வேண்டும். வழியில்லாமல் படுக்க வைத்துவிட்டால், இறக்கிய உடனே சுவிட்ச் போடாதீர்கள். கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும், அது திரும்பி இறங்கச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். முன்பக்கம் கதவு உள்ள துணி மெஷின் என்றால், வாங்கியபோது பின்னால் கழற்றிக் கொடுத்த நீள போல்டுகள் எங்கே என்று தேடுங்கள். அதைப் போடாமல் ஏற்றினால் உள்ளே உருளை ஆடி ஆடி மெஷினே கெட்டுவிடும். யாரும் வைத்திருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கேஸ் தோங்கை (சிலிண்டரை) லோரியில் படுக்கப் போடவே கூடாது. 14 கிலோ தோங் 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு. பாதி கேஸ் மிச்சம் இருக்கிறதே என்று மூடிய காரில் வைத்துக் கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முடிந்தவரை சமைத்துத் தீர்த்துவிட்டு, காலித் தோங்கை மட்டும் எடுத்துப் போங்கள். அதே கம்பெனி தோங் விற்கும் எந்தக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். சில மாடிகளில் தோங்கே வைக்கக் கூடாது, குழாய் கேஸ்தான். அதையும் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

லோரியைக் காலை எட்டு மணிக்குச் சொல்லுங்கள். மத்தியானம் ஆனால் மழை, அதுவும் ஏப்ரலிலும் அக்டோபர் நவம்பரிலும் கேட்கவே வேண்டாம். கான்வாஸ் போட்டாலும் மெத்தை ஓரம் நனையும்.

அம்மிக்கல் எனக்குப் பாரமே இல்லை அக்கா. தலைமாட்டுப் பக்கம் தரையோடு வைத்தால் அசையாது. மேலே கொண்டு போவதும் லிஃப்ட்தான். அம்மா ஆசைப்பட்டால் ஏற்றுவோம். எனக்குப் பாரம் புத்தகம். பெரிய பெட்டியில் தமிழ் நேசனைப் போட்டீர்கள் என்றால் தூக்கும்போது அடி பிய்ந்துவிடும். மளிகைக் கடையில் மீ (நூடல்ஸ்) பாக்கெட் வரும் சின்னப் பெட்டி கேட்டு வாங்குங்கள்.

இரண்டு பெட்டி போதும் | சனி, காலை 9.12

இதைத்தான் நானும் சொல்கிறேன். ஒரு பிஸ்கட் டின்னுக்கு இவ்வளவு திட்டமா?

கிள்ளான் டீச்சர் | சனி, காலை 10.20

மகளே, அம்மி, டின், குவாலி எல்லாம் பிறகு. வீட்டில் காகிதங்கள் எங்கே இருக்கின்றன?

பள்ளியில் 33 வருடம் இருந்தேன். முதலாம் ஆண்டு பதிவுக்கு வரும்போது எத்தனை அம்மாமார் பிறப்புப் பத்திரம் இல்லாமல் அழுதிருக்கிறார்கள் தெரியுமா? கேட்டால், "வீடு மாறும்போது போய்விட்டது டீச்சர்" என்பார்கள். தோட்டத்திலிருந்து கம்பத்துக்கு (கிராமத்துக்கு), கம்பத்திலிருந்து பிளாட்டுக்கு. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு தகரப் பெட்டி காணாமல் போகும். அந்தப் பெட்டியில்தான் சூராட் பிராணாக் (பிறப்புப் பத்திரம்) இருந்திருக்கும்.

உங்கள் அம்மா எப்போது கல்யாணம் செய்தார்? 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் கோயிலில் முறைப்படி நடந்த திருமணங்கள் செல்லும். ஆனால் நிறையப் பேரிடம் அரசாங்கப் பதிவுத் தாள் இல்லை. நடந்ததற்குச் சாட்சி என்ன? கோயில் ரசீது, மஞ்சள் தடவிய பத்திரிகை, மாலையோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இவற்றைத்தான் நம் பிள்ளைகள் "பழைய குப்பை" என்று எறிகிறார்கள். தாய் தந்தையின் திருமணத்தைக் காட்ட முடியாமல் குடியுரிமைக்கு அலைகிற பிள்ளைகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அதனால் காகிதத்தில் மட்டும் "தேவையா, இல்லையா" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

அப்பாவின் பழைய ஐசி (அடையாள அட்டை) நகல், இறப்புப் பத்திரம், ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) தாள்கள், ரயில்வே வேலைக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். வருமான வரிக்குக் காட்டிய ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும், அதற்கு முந்தையது போகலாம். பழைய ஆல்பத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் பக்கம் இருந்தால், படங்களை இப்போதே மெதுவாகப் பிரித்துவிடுங்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் பத்து வருடம் போனால் பிரிக்க வராது. அந்தப் பை லோரியில் போகக் கூடாது. உங்கள் கையில்.

புது வீட்டுக்குப் போன பிறகு 30 நாளுக்குள் ஐசி முகவரியைப் பதிவிலாகாவில் மாற்ற வேண்டும், அது சட்டம். வாக்களிக்கும் தொகுதியை மாற்றுவதற்கும் அந்தப் புது முகவரிதான் வேண்டும்.

தமிழ் நேசனைப் பற்றி: 1924-இல் தொடங்கிய பத்திரிகை, 2019-இல் நின்றுவிட்டது. இனி வராத பத்திரிகை என்பதற்காக எல்லாக் கட்டுக்கும் மதிப்பு என்று சொல்ல மாட்டேன். தீபாவளி மலர், பொங்கல் மலர் தனியாக எடுங்கள். மற்றதைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு பழைய பேப்பர் வண்டிக்குப் போடுங்கள். கரையான் பிடித்த கட்டை மட்டும் புது வீட்டுக்குக் கொண்டு போகவே கூடாது.

இரண்டு பெட்டி போதும் | சனி, காலை 11.03

டீச்சர், காகிதம் விஷயத்தில் நான் எதுவும் சொல்லவில்லை. என் பிறப்புப் பத்திரம் எங்கே என்று இப்போது அம்மாவுக்கு போன் பண்ணப் போகிறேன்.

பத்திரக் கிளார்க் | சனி, மதியம் 12.15

வாடகை வீடு என்பதால் ஒரு விஷயம் சேர்க்கிறேன். நீங்கள் வைத்த கிரில், வாட்டர் ஹீட்டர், ஏர்கோன், கொட்டகை, இதில் எது உங்களுடையது? ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதன்படி. எழுதவில்லை என்றால் வீட்டோடு நிலையாகப் பொருத்தியது வீட்டோடு போகும் என்றுதான் வீட்டுக்காரர் சொல்வார். கழற்றிய பிறகு சண்டை போடாமல், கழற்றும் முன் பட்டியல் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். கிரிலைப் பெயர்த்தால் சுவரில் ஓட்டை, ஓட்டையைக் காட்டி டெபாசிட்டைப் பிடிப்பார்கள். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள்.

பழைய ஏர்கோனைக் கழற்றி, கேஸ் இறக்கி, புது இடத்தில் குழாய் போட்டு மாட்டுகிற கூலியை முதலில் விசாரியுங்கள். பத்து வருடப் பெட்டி என்றால் விட்டுவிடலாம். மின்விசிறியை எடுக்கலாம்.

மின்சாரக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

செந்தூல் மகள் | சனி, மாலை 5.48

இன்னும் அப்பா பெயரில்தான். மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

டீச்சர், நீங்கள் சொன்னதும் அலமாரியைக் குடைந்தேன். அம்மா அப்பா கல்யாணம் 1974. பதிவுத் தாள் இல்லை. பத்திரிகை ஒரு டேனிஷ் பிஸ்கட் டின்னில் ஊசி நூலுக்கு அடியில் இருந்தது. தம்பி அந்த டின்னைத்தான் முதலில் எறியச் சொன்னான். இப்போது ஒன்றும் பேசவில்லை.

பத்திரக் கிளார்க் | சனி, மாலை 6.20

கணக்கை மூடினால்தான் கட்டிய டெபாசிட் திரும்ப வரும். இறப்புப் பத்திரம், உங்கள் ஐசி, கடைசி பில் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். தண்ணீர்க் கணக்கும் அதேபோல். மூடாமல் போனால் அடுத்து வருபவர் ஏர்கோன் போட்டுத் தூங்குவார், பில் உங்கள் அப்பா பெயரில் வரும்.

நாள் பார்ப்பவன் | சனி, இரவு 8.02

யாரும் முக்கியமானதைச் சொல்லவில்லை. பழைய துடைப்பத்தைப் புது வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். முதலில் சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம் போக வேண்டும். பால் பொங்கிய பிறகுதான் சாமான் இறங்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் குடி போகக் கூடாது.

இரண்டு பெட்டி போதும் | சனி, இரவு 8.09

வீட்டுக்காரர் ஆடியில் சாவி கேட்டால் மார்கழி வரை லோரியில் குடியிருப்பதா?

நாள் பார்ப்பவன் | சனி, இரவு 8.11

கேலி செய்யாதீர்கள் தம்பி. உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்றால் பேசாமல் இருக்கலாம்.

இரண்டு பெட்டி போதும் | சனி, இரவு 8.13

மார்கழியும் வேண்டாம் என்று நீங்களே சொன்னீர்கள்.

மட்டுறுத்துநர் | சனி, இரவு 8.40

இதற்கு மேல் ஏழு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வீடு மாறுவதைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

கறிவேப்பிலை | ஞாயிறு, காலை 7.35

வீட்டில் செடி இல்லையா? செந்தூல் மகள் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லையே. 31 வருட வீட்டில் ஒரு கறிவேப்பிலை மரமாவது இருந்திருக்கும்.

பெரிய மரத்தைத் தோண்ட வேண்டாம், பிழைக்காது. மரத்தைச் சுற்றி வேரிலிருந்து சின்னச் சின்னக் கன்று முளைத்திருக்கும். அதை வேரோடும் மண்ணோடும் இன்றைக்கே எடுத்துத் தொட்டியில் வையுங்கள், மூன்று வாரத்தில் பிடித்துக்கொண்டதா என்று தெரிந்துவிடும். கடைசி நாளில் பிடுங்கினால் வாடிப் போகும். முருங்கைக்கு அதுவும் வேண்டாம், கட்டை விரலைவிடப் பருமனான கிளையை மூன்று நான்கு அடிக்கு வெட்டி நட்டால் துளிர்க்கும். ஆனால் 12-வது மாடியில் முருங்கை எதற்கு, அதை யாராவது தரை வீட்டுக்காரருக்குக் கொடுங்கள்.

விட்டுப் போகும் தொட்டி, வாளி, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். காலி வீட்டில் தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசுப்புழு கண்டுபிடித்தால் 500 வெள்ளி வரை சமன் (அபராதம்). சாவி கொடுக்கும் வரை வீடு உங்கள் பொறுப்பு.

செராஸ் பைரவன் | ஞாயிறு, காலை 9.50

நாய் இருக்கிறதா உங்களிடம்? நிறையப் பேர் இதைச் சொல்ல மாட்டார்கள். தரை வீட்டிலிருந்து மாடிக்குப் போகிறவர்கள், அங்கே நாய் அனுமதி இல்லை என்பதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடித்து, "பக்கத்து வீட்டில் சோறு போடுவார்கள்" என்று கேட்டிலேயே விட்டுப் போகிறார்கள். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு நாய் ஐந்து மாதம் அதே கேட்டின் முன்னால் படுத்திருந்தது. புதுக் குடும்பம் வந்த பிறகும், கார் சத்தம் கேட்டால் எழுந்து நின்று பார்க்கும்.

செந்தூல் மகள் | ஞாயிறு, காலை 10.14

நாய் இல்லை அண்ணா. ஒரு பூனை வந்து போகும். அது எங்களுடையது என்று நாங்கள் நினைக்கிறோம், அது பின் வரிசையில் இன்னும் மூன்று வீட்டில் சாப்பிடுகிறது.

கறிவேப்பிலைக் கன்று எட்டு இருக்கிறது. கேட்டபோது அம்மா, "அதை நான் முந்தாநாளே தொட்டியில் வைத்துவிட்டேன்" என்றார். என்னிடம் எதையும் விட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே தன் பங்குக்கு வேலையை ஆரம்பித்திருக்கிறார்.

நீலத் தோங் | ஞாயிறு, மதியம் 1.30

யாரும் தோங்கைப் பற்றிப் பேசாததால் பதிவே செய்யாத நான் இன்று பதிவு செய்துகொண்டு எழுதுகிறேன். 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர் இல்லாமல் வாளியோடு லோரி பின்னால் ஓடியவன் நான். 2014-இலும் சிலாங்கூரில் பல வாரம் பங்கீட்டுத் தண்ணீர். அம்மா வைத்திருக்கும் இரண்டு தோங்கையும் எடுத்துப் போங்கள். வேறு எதை விட்டாலும் பரவாயில்லை.

இரண்டு பெட்டி போதும் | ஞாயிறு, மதியம் 1.44

அங்கள், மாடி வீட்டுக்கு மேலே பெரிய தொட்டி இருக்கும். தெருவில் தண்ணீர் நின்றாலும் குழாயில் வரும். பால்கனியில் கறிவேப்பிலை எட்டு, தோங் இரண்டு என்றால் துணி எங்கே காயப் போடுவது?

நீலத் தோங் | ஞாயிறு, மதியம் 1.52

அந்தத் தொட்டியில் எத்தனை வீட்டுக்காரர் குளிப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

லோரி தம்பி | ஞாயிறு, இரவு 9.15

தோங்கை ஏற்றுவதாக இருந்தால் காலியாக ஏற்றாதீர்கள். உள்ளே தலையணை, போர்வை திணியுங்கள். நல்ல பெட்டி அது.

கிள்ளான் டீச்சர் | திங்கள், காலை 8.05

மகளே, அம்மியை எதற்கு வைத்திருக்கிறார் என்று அம்மாவிடம் கேட்டாயா? "வேண்டுமா வேண்டாமா" என்று கேட்காதே, அதற்கு வேண்டும் என்றுதான் பதில் வரும். "அங்கே போய் இதை என்னம்மா செய்வோம்" என்று கேட்டுப் பார். அம்மாவே யோசிக்கட்டும்.

செந்தூல் மகள் | புதன், இரவு 10.30

டீச்சர், கேட்டேன். அரைப்பதற்கு இல்லையாம்.

எங்கள் தெருவில் கல்யாணம் நடந்தால் அம்மி மிதிக்க எங்கள் வீட்டுக் கல்தான் போகுமாம். எனக்கு நினைவே இல்லை. அம்மா விரல் விட்டு எண்ணினார்: ஏழு கல்யாணம், அதில் ஒன்று என்னுடையது. நான் மிதித்தது மண்டபத்துக் கல் என்று நினைத்திருந்தேன். முந்தின நாள் மஞ்சள் தடவி, அப்பாவும் எதிர் வீட்டு மாமாவும் காரில் தூக்கி வைத்தார்களாம்.

அங்கே போய் என்ன செய்வோம் என்று கேட்டதற்கு வெகுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "அங்கே யார் வந்து கேட்கப் போறா" என்றார். அவ்வளவுதான், நானும் அதற்கு மேல் பேசவில்லை.

ஜெலுத்தோங் மணி | புதன், இரவு 11.02

தெருவுக்குச் சொந்தமான கல்லைத் தெருவிலேயே விடலாமே. யார் வீட்டில் பெண் இருக்கிறது?

செந்தூல் மகள் | வெள்ளி, காலை 7.20

மணி அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அம்மா எதுவும் சொல்லாமல் முகம் கழுவிக்கொண்டு, இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனார். அவர் மகளுக்குத் தையில் கல்யாணம். அம்மியும் அதன் குழவியும் நாளை அங்கே போகின்றன. மஞ்சள், குங்குமம் வைத்துத்தான் கொடுப்பேன், ஓசியாக வாங்கக் கூடாது, ஒரு வெள்ளியாவது கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு மற்றவை தானாகவே நடந்தன. டின் பதினொன்றில் நான்கு போதும் என்றார். அலமாரி லிஃப்டில் போகாது என்று அளந்து காட்டினேன், தம்பி அதை "லாமா" (பழைய சாமான்) வண்டிக்காரருக்கு விற்றுவிட்டான். உடைந்த மேசையையும் மெத்தையையும் பெரிய குப்பை எடுக்கும் நாளில் வாசலில் வைத்தோம். இங்கே கோலாலம்பூரில் வாரத்தில் ஒரு நாள் அதற்கென்று வருகிறார்கள், பூச்சோங்கில் எப்படி என்று இனித்தான் கேட்க வேண்டும். குவாலி வருகிறது. அதில் விட்டுக்கொடுக்க எனக்கே மனமில்லை.

லோரி தம்பி | வெள்ளி, காலை 7.41

அடுத்த வாரம் சனிக்கிழமை எட்டு மணி, எழுதிக்கொண்டேன் அக்கா. போம்பா லிஃப்ட் சாவி யாரிடம் என்று முந்தின நாளே கேட்டு வையுங்கள்.

செந்தூல் மகள் | 16 நாள் கழித்து, இரவு 9.55

எல்லாருக்கும் நன்றி சொல்ல வந்தேன். போன சனிக்கிழமைக்கு முந்தின சனி வந்து சேர்ந்தோம். அதிகாலையிலேயே பால் காய்ச்சிவிட்டோம், பழைய துடைப்பம் வரவில்லை, நாள் பார்ப்பவன் ஐயாவுக்கு நிம்மதியாக இருக்கட்டும். பதினொன்றே முக்காலுக்குக் கடைசிச் சாமான் ஏறியது, ஒரு மணிக்கு மழை. காகிதப் பை என் மடியில் வந்தது. கன்றுகளில் ஐந்து பிழைத்திருக்கிறது.

ஆட்டுக்கல் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் பெட்டியைப் பிரித்தால் குவாலிக்குள் அதன் குழவி! அம்மா யாருக்கும் தெரியாமல் போர்வையில் சுற்றி வைத்திருக்கிறார். 12-வது மாடிக் காற்றில் பால்கனிக் கதவு படார் படார் என்று அடிக்கிறது. இப்போது குழவிதான் முட்டு.

கிள்ளான் டீச்சர் | இரவு 10.10

கல் ஓரிடம், குழவி ஓரிடமா? உன் அம்மாவைப் பார்க்க வர வேண்டும் போலிருக்கிறது.

நீலத் தோங் | இரவு 10.26

தோங் என்ன ஆனது?

செந்தூல் மகள் | இரவு 10.40

அங்கள், அதைக் கேட்பீர்கள் என்று தெரியும். மேலே தொட்டி இருக்கிறது என்று நான்தான் விட்டுவிட்டு வரச் சொன்னேன். பழைய வீட்டுக் கொட்டகையில் கவிழ்த்து வைத்திருக்கிறது. நேற்று முன்தினம் இந்தப் பக்கம் குழாய் உடைந்து தண்ணீர் நின்றது. முதல் நாள் மேல் தொட்டியில் வந்தது. இரண்டாம் நாள் காலையில் நிர்வாகம் இரண்டு மணி நேரம் மட்டும் திறந்து விட்டது, அப்போது நான் வேலைக்குப் போய்விட்டேன். அம்மா முறுக்கு டின் நான்கிலும் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சாவி கொடுக்க மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. லோரி தம்பி, அதற்குள் செந்தூல் பக்கம் வருகிறீர்களா? தோங் மட்டும்தான். அம்மா ஒன்று போதும் என்கிறார். நான் இரண்டையும் எடுத்து வரலாம் என்கிறேன்.